பட்டன் வைக்கிறவன்

பென்னாகரத்தில் வீட்டில் உட்கார்ந்தே பெங்களூர் கம்பெனிக்கு வேலை பார்ப்பவனைப் பற்றி ஊரில் இரண்டு கட்சி உண்டு. வேலை போய்விட்டது, சொல்ல வெட்கப்படுகிறான் என்பது ஒன்று. வேலையே கிடையாது, கம்ப்யூட்டரில் சீட்டாடுகிறான் என்பது மற்றது. ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டும் என் மாமா எந்தக் கட்சியிலும் சேராமல் நேராகவே கேட்டுவிட்டார்.

"மாப்ள, நீ என்னதான்டா பண்ற?"

"வெப்சைட்ல பட்டன் வைக்கிறேன் மாமா."

"அத வெச்சிட்டு வந்துட வேண்டியதுதான? மாசாமாசம் எதுக்குச் சம்பளம்?"

நியாயமான கேள்வி. பட்டன் வைக்க அரை நாள் போதும். அதை அமுக்கினால் நடக்க வேண்டியதையும் நடக்கக் கூடாததையும் மேய்ப்பதற்குத்தான் மாதச் சம்பளம்.

மாமாவுக்கு விளக்க ஆறுதான் வசதி. காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் நீர்வரத்தை அளக்கிறது. இத்தனை ஆயிரம் கன அடி என்று ஒரு எண். எங்கள் பாஷையில் அது ஸ்டேட். இன்றைக்குப் பரிசல் உண்டா, அருவியில் குளிக்கலாமா என்பதெல்லாம் அந்த எண்ணைப் பார்த்தாலே தெரிந்துவிடும். தனியாக எழுதி வைக்கத் தேவையில்லை. தடை என்று மைக்கில் அறிவிப்பதும் படிக்கட்டில் போலீஸை நிறுத்துவதும் சைட் எஃபெக்ட். 2024 ஜூலைக் கடைசியில் எண் ஒரு லட்சத்தைத் தாண்டியபோது மாமா திண்ணையில் உட்கார்ந்து அத்தையின் குழம்பில் குறை கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். அதுவும் சைட் எஃபெக்ட்தான். அத்தை அதற்கு வேறு பெயர் வைத்திருந்தார், அச்சில் போட முடியாது.

வம்பு எப்போது வருகிறது? அந்த எண்ணை பஸ் ஸ்டாண்டில் ஒருவர், மீன் வறுக்கும் கடையில் ஒருவர், எண்ணெய் மசாஜ்காரர் ஒருவர் என்று ஆளுக்கொரு பலகையில் எழுதிக்கொள்ளும்போது. ஆற்றில் இருபதாயிரம் வருகிறது, மீன் கடைப் பலகையில் இன்னும் எட்டாயிரம். ஆன்லைன் கடையில் நீங்களே பார்த்திருப்பீர்கள்: மேலே கூடைப் படத்தில் மூன்று பொருள், உள்ளே போனால் இரண்டு, பில்லில் நான்கு. பலகைகளை எடுத்துவிட்டு எல்லோரும் ஒரே எண்ணைப் பாருங்கள் என்று சொல்ல எங்கள் ஆட்களுக்கு மனசு வராது. பலகைக்குப் பலகை ஓடித் திருத்த ஒரு ஆளைப் போடுவார்கள். அவர் பெயர் யூஸ்எஃபெக்ட்.

வெப்சைட் கட்ட நாங்கள் பயன்படுத்தும் ரியாக்ட்டை ஃபேஸ்புக் 2013-ல் பொதுவில் விட்டது. யூஸ்எஃபெக்ட் அதில் 2019 பிப்ரவரியில், 16.8 பதிப்பில் வேலைக்குச் சேர்ந்தார். நல்ல உழைப்பாளி. சர்வரோடு தொடர்பு வைத்துக்கொள், டைமரை ஓட விடு என்று வெளிவேலை கொடுத்தால் ஒழுங்காகச் செய்வார். எது மாறினால் ஓட வேண்டும் என்று ஒரு பட்டியல் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பக்கத்தைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு ரெண்டருக்கும் ஓடுவார். ஓடிப் போய் அந்த ஸ்டேட்டையே மாற்றினால் தீர்ந்தது கதை. நீர்மட்டம் பார்க்கப் போனவர் ஒரு குடம் தண்ணீரை ஆற்றில் ஊற்றிவிட்டு, அடடா, மட்டம் மாறிவிட்டதே என்று மறுபடியும் பார்க்கப் போவார். மறுபடியும் ஒரு குடம்.

பட்டியலில் எண்ணுக்குப் பதில், அதை எழுதி ஒவ்வொரு முறையும் புதிதாக எடுக்கும் நோட்டை, அதாவது ஆப்ஜெக்டைப் போட்டால் இன்னும் விசேஷம். உள்ளே இருப்பது அதே எண்தான். ஆனால் நோட்டு புதுசு, ஆகவே தண்ணீரும் புதுசு என்று ஓடுவார். 2025 செப்டம்பர் 12 அன்று கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் டாஷ்போர்டு படுத்ததற்கு இதுவும் காரணம். ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிறக்கும் ஆப்ஜெக்ட் ஒன்று பட்டியலில் இருந்தது. யூஸ்எஃபெக்ட் விடாமல் சர்வரைத் தட்டிக்கொண்டே இருந்தார். நிறுவனமே இதை வெளிப்படையாக எழுதியது. மாமாவிடம் சொன்னேன்.

"அந்தப் பையனுக்கு வேலை போயிடுச்சாடா?"

"அதெல்லாம் அறிக்கையில போட மாட்டாங்க மாமா."

"பாவம்" என்றார். ஐந்து வருடமாக என்மேல் வராத பரிதாபம்.

கிளீனப் என்று ஒன்று உண்டு: தொடங்கியதைப் போகும்போது நிறுத்துவது. மாமா அதை உடனே பிடித்துக்கொண்டார். ஆள் பக்கத்தை விட்டுப் போன பிறகும் டைமர் ஓடினால், கரையேறிய பரிசலில் துடுப்புப் போடுகிற மாதிரி. இதைக் காட்டிக்கொடுக்கத்தான் 2022-ல் வந்த ரியாக்ட் 18, ஸ்ட்ரிக்ட் மோடில், எழுதிப் பார்க்கும் கட்டத்தில் மட்டும், காம்போனென்டை, அதாவது பக்கத்தின் ஒரு துண்டை, ஏற்றி இறக்கி மறுபடியும் ஏற்றுகிறது. ஓட்டை இருந்தால் அப்போதே தெரியும். எல்லாம் இரண்டு முறை ஓடுகிறதே என்று பதறி அதை அணைத்து வைக்கும் சீனியர்களை நான் அறிவேன். அப்ரைசலில் அவர்களுக்குத்தான் நல்ல மார்க்.

ரியாக்ட் ஆவணத்திலேயே, எஃபெக்ட் உங்களுக்குத் தேவைப்படாமல் போகலாம் என்று தலைப்பிட்டு நீளமாக ஒரு பக்கம் இருக்கிறது. தருமபுரியிலிருந்து பெங்களூருக்கு பஸ் ஏறும் தம்பி, தங்கைகளே, கிருஷ்ணகிரி தாண்டுவதற்குள் அதைப் படித்து முடித்துவிடுங்கள்.