சோளக்காட்டில் ஒரு சார்ட்டர் பள்ளி

அமெரிக்காவில் சார்ட்டர் பள்ளிக்கு முதலில் சட்டம் போட்டது மினசோட்டா மாநிலம், 1991இல். அரசுப் பணம், தனி நிர்வாகம், கட்டணம் கிடையாது; இடங்களைவிட விண்ணப்பம் கூடினால் குலுக்கல். சோளக்காட்டு ஊரில் குலுக்கலுக்கு வேலையே இல்லை; பிள்ளை பிடிப்பதுதான் பெரும்பாடு. பள்ளி தொடங்கக் கேட்கும் மனுவில் மட்டும் ‘பெற்றோரின் தேர்வுரிமை’ கொட்டை எழுத்தில் இருக்கும். பிள்ளை போகும் இடத்துக்கு மானியமும் போகும். பத்துப் பேர் நகர்ந்தாலும் பழைய பள்ளியின் மஞ்சள் பேருந்துக்கு டீசல் செலவு குறைவதில்லை. அதே மண்சாலை, அதே தூரம். புதுப் பள்ளி வேண்டுமா என்று பேசும் ஊர்க் கூட்டத்தில் காரசாரமாக மோதிக்கொண்ட இரு தரப்பும் மறுநாள் ஒரே தானியக் கிடங்கு வாசலில் வரிசையில் நிற்கும். கூட்டத்தை அறுவடைக் காலத்தில் வைத்தால் எதிர்ப்பே இராது. எதிர்ப்பவர்கள் அறுவடை இயந்திரத்தின் மேல் இருப்பார்கள். ஆதரிப்பவர்களும்தான்.