சாக்ஸைக் கழற்றுங்க!

வாசகர், பிரிக்பீல்ட்ஸ்: துன் சம்பந்தன் சாலையில் பாதி தூரம் நடந்தால் கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது. நின்றால் சரியாகிவிடுகிறது. வயசுதானே?

வயசு, நின்றதும் குறைந்துவிடுமா அண்ணே? நடந்தால் வருவதும் நின்றால் போவதும் காலுக்கு ரத்தம் போதவில்லை என்பதற்கான அடையாளம். ஜெர்மானியர்கள் இதற்குக் ‘கடை ஜன்னல் நோய்’ என்றே பேர் வைத்திருக்கிறார்கள். கடைக்குக் கடை நிற்பவர் புடவை பார்க்கிறார் என்று நினைக்கிறோம். அவர் வலி தணியக் காத்திருக்கிறார்.

வாசகி, கிள்ளான்: பிரஷர் பட்டையைக் கணுக்காலில் எதற்குக் கட்டுகிறார்கள்?

வகுத்தல் கணக்குக்கு! படுக்கவைத்து, கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுப்பார்கள். கையில் 140, காலில் 98 என்றால் 0.7. 0.90 அல்லது அதற்குக் கீழே வந்தாலே அடைப்பு என்று அர்த்தம். ஊசி கிடையாது.

வாசகர், செந்தூல்: இருபது வருஷமாக இனிப்பு நீர். அந்த வகுத்தலில் எனக்கு 1.5 வந்தது. பாஸ்தானே?

அதிக மார்க் வாங்கினால் சந்தேகப்பட வேண்டிய பரீட்சை இது! நீண்டநாள் நீரிழிவில் ரத்தக்குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்து விறைத்துவிடும். ரப்பர் குழாயை மிதித்தால் தண்ணீர் நிற்கும். இரும்புக் குழாயை மிதித்துப் பாருங்கள். பட்டை எவ்வளவு நெருக்கினாலும் அமுங்காததால், கருவி அழுத்தத்தைக் கூட்டிச் சொல்லும். 1.40-ஐத் தாண்டினால் நம்பாதீர்கள். அடைப்பும் விறைப்பும் சேர்ந்து 1.0 என்று சமர்த்தாகக் காட்டுவதும் உண்டு. கால் கட்டைவிரல் குழாய் பெரும்பாலும் இப்படி விறைப்பதில்லை. அங்கே சின்னப் பட்டை கட்டி அளக்கச் சொல்லுங்கள். அதில் 0.70 அல்லது அதற்குக் கீழே என்றால் அடைப்பு. 2019 தேசியச் சுகாதார ஆய்வில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. அந்தப் பொய்க் கணக்கு அதிகம் ஏமாற்றப்போவது நம்மைத்தான்.

வாசகர், பெட்டாலிங் ஜெயா: விறைப்பையே அளந்துவிட்டால்?

அளக்கலாம். கழுத்திலிருந்து தொடை இடுக்குவரை நாடியலை ஓடும் வேகம் விநாடிக்கு 10 மீட்டரைத் தாண்டினால் குழாய் விறைத்திருக்கிறது. ஒரு சிக்கல்: அடைத்த காலில் அலை தளர்ந்துபோகும். அதனால் கைக்கும் கணுக்காலுக்கும் இடையே அளந்தால் வேகம் ‘நல்லபடியாக’த் தெரியும். வேகத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது.

வாசகி, ஷா ஆலாம்: நானும் இனிப்பு நீர்க்காரிதான். பத்துமலை 272 படியும் வலியில்லாமல் ஏறினேன். எனக்கும் சோதனையா?

முருகன் துணை உண்டுதான் அக்கா. ஆனால் நரம்பு மரத்துப்போன காலும் வலிக்காது. அடுத்த முறை கிளினிக்குக்குப் போனால், கையை நீட்டுவதற்கு முன்னால் சாக்ஸைக் கழற்றிக் காலை நீட்டுங்கள்.