கரியின் குற்றமும் பேட்டரியின் பழியும்: கிள்ளான் பள்ளத்தாக்கு ட்ரில்கள் குறித்து ஓர் ஆராய்ச்சி

கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு ட்ரில் உயிரை விட்டால் பழி பேட்டரியின் தலையில்தான் விழுகிறது. தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும். புதுத் திரைச்சீலைக்குக் கம்பி அடிக்க, ஸ்டோர் அறையிலிருந்து பேட்டரி ட்ரில் வெளியே வரும். விசையை அழுத்தினால் சுற்றாது, பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினால் சுற்றும், மறுபடி நின்றுவிடும். வீட்டுத் தலைவர் அதைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்து, "பேட்டரி போச்சு" என்று தீர்ப்பு வழங்குவார். மேல்முறையீடு கிடையாது. அடுத்த சம்பளத்தில் புது பேட்டரி வரும். அதற்கும் மசியவில்லை என்றால் புது ட்ரில்லே வரும். பழையது, 'சூராட் காபார் லாமா' என்று ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு தாமான் தாமானாக வரும் லாரியில் ஏறும். இக்கட்டுரை நிறுவ முற்படுவது ஒன்றே: இவ்வாறு இறந்ததாக அறிவிக்கப்படும் ட்ரில்கள் பலவற்றில் பேட்டரி நிரபராதி. குற்றவாளிகள் மோட்டாருக்குள் ஒளிந்திருக்கும் விரல்நக அளவுக் கரித்துண்டுகள் இரண்டு. அவற்றை மாற்றச் சில ரிங்கிட்டும் ஒரு திருப்புளியும் போதும். எளிய உண்மைதான், ஆனால் இதுவரை உரிய ஆராய்ச்சிக் கவனத்தைப் பெறாதது.

முதலில் பொருளியல்பு. ட்ரில் மோட்டாரின் நடுவே சுற்றும் பகுதிக்கு மின்சாரம் போயாக வேண்டும். சுற்றுகிற ஒன்றோடு கம்பியை நிரந்தரமாகப் பற்றவைக்க முடியாது. வைத்தால் நொடியில் முறுக்கிக்கொள்ளும். ஆகவே செப்புப் பட்டைகளை வட்டமாக அடுக்கிய கம்யூட்டேட்டர் ஒன்று அந்த அச்சில் இருக்கும். அதன்மேல் இரண்டு பக்கமும் ஸ்பிரிங் அழுத்த, இரண்டு கரித்துண்டுகள் உரசிக்கொண்டே நிற்கும். இவையே கார்பன் பிரஷ். தொடக்க கால டைனமோக்களில் இந்த இடத்தில் செப்புக் கம்பிக் கற்றைகள் இருந்தன. அவை கம்யூட்டேட்டரைக் கிழித்தன, பொறி கக்கின, ஓயாத பராமரிப்பைக் கேட்டன. 1885ஆம் ஆண்டில் ஜார்ஜ் ஃபோர்ப்ஸ் என்னும் ஸ்காட்லாந்துப் பேராசிரியர் செம்புக்குப் பதில் கரியை வைக்கலாம் என்று காப்புரிமை வாங்கினார். பின்னாளில் நயாகரா நீர்மின் திட்டத்தின் ஆலோசனைப் பொறியாளரும் ஆனார். மறு ஆண்டு, 1886இல், கோலாலம்பூருக்கும் கிள்ளான் புக்கிட் கூடாவுக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது. இவ்விரண்டு நிகழ்வுகளையும் முடிச்சுப் போட்டு ஒரு முனைவர் பட்ட ஆய்வேட்டை எழுதிவிட முடியும். இக்கட்டுரை அந்தப் பாவத்தைச் செய்யாது. இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஃபோர்ப்ஸின் அறிவு எதில் இருக்கிறது என்றால், இரண்டு பொருள் உரசும்போது ஒன்று தேய்ந்தே தீரும்; மாற்ற எளிதான, மலிவான பொருளே தேயட்டும் என்று முடிவு செய்ததில் இருக்கிறது. தேய்வது கரியின் குறை அன்று, கரியின் வேலை. 1961இல் பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் முதல் பேட்டரி ட்ரில்லை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மின்கம்பி அறுந்த பிறகும் ட்ரில்லுக்குள் இந்தக் கரி உறவு அறுபடவில்லை.

இனிச் சான்று. சைவ சித்தாந்த அளவை நூலார் அறிவு பெறும் வழிகளுள் காண்டல், கருதல், உரை என மூன்றைத் தலையாயவையாகச் சொல்வர். மூன்றும் இங்கே கரியின் பக்கமே விரல் நீட்டுகின்றன. காண்டல்: விசையை அழுத்தியதும் ட்ரில்லின் முகப்பில் உள்ள சிறு எல்இடி விளக்கு பளிச்சென்று எரிகிறது, ஆனால் முனையைக் கவ்வும் சக் அசையவில்லை. சார்ஜ் தீர்ந்த பேட்டரியாக இருந்தால் மோட்டார் பொதுவாக முனகும், மெல்லச் சுற்றும், திணறி நிற்கும். பேட்டரியின் சாவு பல வேளைகளில் படிப்படியான சாவு. கரி தேய்ந்த ட்ரில்லோ முனகக்கூட மாட்டாது. பிறகு திடீரென்று முழு வேகத்தில் சுற்றும், திடீரென்று நிற்கும். கருதல்: ஒரு தட்டுத் தட்டினால் ஓடுகிறது, சக்கைக் கையால் சற்றுத் திருப்பிவிட்டால் ஓடுகிறது என்றால், எங்கோ ஒரு தொடுகை விட்டுவிட்டு நிகழ்கிறது என்பது அனுமானம். பேட்டரிக்குள் இருக்கும் வேதியியல் முதுகில் தட்டிக்கொடுப்பதால் மனம் மாறுவதில்லை. காற்றுத் துவாரம் வழியே நீலப்பொறி வழக்கத்துக்கு மிஞ்சித் தெறிப்பதும், சுட்ட நெடி வருவதும் இதற்குத் துணைச் சான்றுகள். மூன்றாவது சான்று உரை. சித்தாந்தத்தில் உரை என்றால் ஆகமம். நமக்கு ஆகமம் பெட்டியோடு வரும் கையேடு. யாரும் திறந்து படிப்பதில்லை என்பதால் அதன் புனிதம் இன்னும் கெடாமல் இருக்கிறது. கரியில் ஓர் எல்லைக்கோடு உண்டு, தேய்மானம் அந்தக் கோட்டைத் தொட்டதும் மாற்று, மாற்றும்போது இரண்டையும் ஒருசேர மாற்று என்று அது பச்சையாகவே சொல்கிறது. நேர்மைக்காக ஒன்றைச் சேர்க்க வேண்டும். விசைக்குள் இருக்கும் சுவிட்சும் இதே அறிகுறிகளில் சிலவற்றைக் காட்டக்கூடிய மூன்றாவது சந்தேக நபர். ஆனாலும், அதே பேட்டரியை வேறொரு ட்ரில்லில் மாட்டி அது ஓடிவிட்டால், பேட்டரியாவது அன்றே விடுதலை ஆகிவிடும்.

அற்றேல், இந்த நாட்டின் ஈரப்பதமே மோட்டாரைக் கெடுக்கிறது, கரி என்ன செய்யும் என்று கேட்பர் ஒரு சாரார். மாமாக் கடை மேசைகளில் இது மிகுந்த செல்வாக்குள்ள கட்சி. சுவரில் பூஞ்சை படிவது முதல் சட்டைப் பொத்தான் தெறிப்பது வரை எல்லாவற்றுக்கும் நம் காற்றின் ஈரத்தையே காரணம் காட்டுவோர் இவர்கள். இக்கட்சி உண்மையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதே நம் மறுப்பு. இரண்டாம் உலகப் போரின்போது விமானங்கள் முன்னெப்போதையும்விட உயரத்தில் பறக்கத் தொடங்கின. தரையில் நூற்றுக்கணக்கான மணி நேரம் உழைத்த ஜெனரேட்டர் கரிகள் அந்த உயரத்தில் சில மணி நேரத்திலேயே பொடியாகிக் கொட்டின. காரணம் குளிரன்று, வேகமன்று. அங்கே காற்றில் நீராவி இல்லாமையே. கரியிலுள்ள கிராஃபைட் தானாக வழுக்கும் பொருள் என்றுதான் அதுவரை நம்பியிருந்தார்கள். ஆர். எச். சாவேஜ் 1948இல் வெளியிட்ட ஆய்வு அந்த நம்பிக்கையை உடைத்தது. நீராவி மூலக்கூறுகள் படிந்தால்தான் கிராஃபைட்டின் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று எளிதாக நழுவும். ஈரமற்ற வெளியில் அதே கிராஃபைட் அரத்தூளாய் உதிரும். ஆகவே உயரப் பறக்கும் விமானங்களின் கரிக்குச் சில உப்புச் சேர்மங்களை ஊட்டிச் சமாளித்தார்கள். கோலாலம்பூரின் சராசரி ஒப்பு ஈரப்பதம் ஏறக்குறைய 80 விழுக்காடு. விமானப் பொறியாளர் கஷ்டப்பட்டுத் தேடியதை நம் வானம் ஆண்டு முழுவதும் இலவசமாக வழங்கிக்கொண்டிருக்கிறது. ஈரம் அளவு மீறினாலும் கெடுதி என்று கரி செய்வோர் எச்சரிப்பது மெய்தான். நீர் கோத்துக்கொண்டால் செம்பு பாசி பிடிக்கும். ட்ரில்லைக் கார் நிறுத்தும் கூரையடியில் மழைச்சாரலில் போட்டு வைப்பவருக்கு இக்கட்டுரை வக்காலத்து வாங்காது. ஆனால் கரிக்கு முதல் எமன் வறட்சி. ஈரக் கட்சியினர் சகாராவில் குடியிருந்து இதே வாதத்தைச் செய்திருந்தால் ஒருவேளை எடுபட்டிருக்கும்.

அப்படியானால் இங்கே கரியைத் தின்பது எது? சுவர். இதை வரலாற்று வழியில் ஆராய வேண்டும். 1881இல் கோலாலம்பூரை முதலில் தீயும் பின்பு வெள்ளமும் சூறையாடிய பிறகு, மரமும் அத்தாப்பும் வேண்டாம், செங்கல்லால் கட்டுங்கள் என்ற ஆணை பிறந்தது. அந்தச் செங்கல்லைச் சுட்டுக் கொடுத்த சூளைகள் இருந்த இடமே பிரிக்ஃபீல்ட்ஸ். செங்கல் சுவர் ட்ரில்லிடம் மரியாதையாக நடந்துகொள்ளும். முனை இறங்க இடம் கொடுக்கும், சிவந்த தூளை உதிர்க்கும். அதே பிரிக்ஃபீல்ட்ஸில் பழைய ரயில் யார்டு இருந்த நிலத்தில் 2001இல் கேஎல் சென்ட்ரல் திறந்தது. சுற்றிலும் கொண்டோக்கள் வானத்தைத் தொட்டன. அவற்றின் சுவர்கள் பலவும் கான்கிரீட். வார்த்த கான்கிரீட்டில் ஒரு சிறு ட்ரில்லை வைத்து, உடல் எடையை எல்லாம் அதன்மேல் சாய்த்து, முனை நின்றாலும் விசையை விடாமல் பிடித்தால் என்ன ஆகும்? மின்னழுத்தம் குறைந்த 18 வோல்ட் மோட்டார் தேவையான சக்தியை மின்னோட்டமாகவே இழுத்தாக வேண்டும்; சுமை கூடக் கூடப் பல பத்து ஆம்பியர் அந்தக் குட்டிக் கரிகளின் வழியே பாயும். இதற்காகவே பேட்டரி ட்ரில் கரியில் செப்புத்தூள் கலந்திருக்கும். சுவர் பிளக்கில் செருகும் ட்ரில்லின் கரி வேறு ஜாதி, ஒன்றுக்கு ஒன்று மாற்றாகாது. கரி சூடாகி, ஸ்பிரிங் தளர்ந்து, தொடுகை குறைந்து, பொறி மிகுந்து, பொறியாலேயே இன்னும் தேய்ந்து போகும். பிரிக்ஃபீல்ட்ஸ் செங்கல்லிலிருந்து கான்கிரீட்டுக்கு மாறிய வரலாறு ஒவ்வொரு கரியின் முனையிலும் எழுதப்பட்டிருக்கிறது என்றால் அது மிகை. ஆனால் இத்தகைய கட்டுரைக்கு இந்த அளவு மிகை அனுமதி உண்டு.

இனி எழும் தடை சற்றுக் கனமானது. உலகம் கரி பிரஷ் இல்லாத பிரஷ்லெஸ் மோட்டாருக்கு மாறிவிட்டது, கரியைப் பற்றிப் பேசுவது ஓலைச்சுவடிக்கு எழுத்தாணி தீட்டுவது என்பர் நவீனர். தலைக்கு மேல் ஓடும் கிளானா ஜெயா எல்ஆர்டியைக் காட்டுவர். அதன் நேர்கோட்டு இண்டக்ஷன் மோட்டாரில் கரியும் இல்லை, கம்யூட்டேட்டரும் இல்லை என்பது உண்மையே. ஆனால் அதே கேஎல் சென்ட்ரலிலிருந்து கிள்ளான் செல்லும் கொமுட்டர் ரயிலை அவர்கள் அண்ணாந்து பார்ப்பதில்லை. மேற்கம்பியை உரசி மின்சாரம் வாங்கும் பாண்டோகிராஃபின் தலையில் பொதுவாக அமர்ந்திருப்பது கரிப்பட்டைதான். ஃபோர்ப்ஸின் கொள்கை அங்கேயும் அதேதான்: கம்பி தேயக்கூடாது, கரி தேயட்டும், தேய்ந்தால் மாற்று. ரயில்வே அதை மாற்றுகிறது. கரி தேய்ந்ததற்காக ரயிலைத் தூக்கி எறிவதில்லை. மேலும் பிரஷ்லெஸ் ட்ரில்லுக்கு மரணமே இல்லை என்று எண்ண வேண்டாம். அதன் உயிர் மின்னணுப் பலகை ஒன்றில் இருக்கிறது. அது போனால் திருப்புளியோடு உட்கார்ந்து சாதிக்கக்கூடியது பெரிதாக ஒன்றுமில்லை.

'மலிவு ட்ரில்தானே, புதிதாகவே வாங்கிவிடலாமே' என்பது கடைசித் தடை. இதில் ஒரு பாதியை ஒப்புக்கொள்ள வேண்டும். மிக மலிவான ட்ரில்களில் மோட்டார் ஒரு மூடிய தகர உருளை. கரி உள்ளே பொதிந்திருக்கும், தனியே எடுக்க வழியிருக்காது. மோட்டாரையே மாற்றிப் பற்றவைக்க வேண்டும். அத்தகைய ட்ரில்லுக்கு இக்கட்டுரை ஆழ்ந்த அனுதாபத்தை மட்டுமே தெரிவிக்கிறது. ஆனால் பின்பக்கம் கரிக்கென்று தனி வழி வைத்த ட்ரில்லில் கியரும் சக்கும் பேட்டரிகளும் நன்றாயிருக்க, உதிர்ந்தே தீருவதற்கென்று செய்யப்பட்ட உறுப்பு உதிர்ந்ததற்காக மொத்தத்தையும் வீசுவது கணக்குக்கும் ஒத்துவராது, நியாயத்துக்கும் ஒத்துவராது.

செய்முறையை நூலோர் சுருக்கமாகச் சொல்வர். முதல் வேலை பேட்டரியைக் கழற்றுவது. இதை மறந்தவர் இரண்டாம் வேலைக்கு விரல் பத்திரமாக வருமா என்பது ஐயம். மாக்கிட்டாவின் கரி மோட்டார் வகைகள் சிலவற்றில் பின்மூடிக்கு இரண்டு திருகுகள்தான். மூடியைக் கழற்றினால் ஸ்பிரிங் கை தெரியும். அதைத் தட்டைத் திருப்புளியால் நெம்பித் தூக்கி, பக்கத்திலுள்ள பள்ளத்தில் உட்கார வைக்க வேண்டும். பிறகு கரியின் தொப்பியைக் குறட்டால் இழுத்தால் பின்னிய செப்பு வாலோடு கரி வெளியே வரும். கருந்தூளும் கொஞ்சம் கூடவே வரும். முனை வழவழவென்று வளைந்திருந்தால் அது உழைத்துத் தேய்ந்த கரி. விளிம்பு உடைந்து வெந்திருந்தால் அது கான்கிரீட்டில் அடிபட்ட கரி. இங்கே ஒரு பெரும்பிழையைக் கண்டிக்க வேண்டும். உள்ளே கம்யூட்டேட்டர் பழுப்பு நிறத்தில் தெரியும். குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்குவதுபோல் அதையும் உப்புத்தாளால் தேய்த்து மின்ன வைக்கும் ஆசை நம்மவர்க்கு வரும். வேண்டாம். அந்தப் பழுப்பு ஏடுதான் கரியை வழுக்க வைப்பது, நாள்பட உருவான செல்வம். கறுத்துப் பொரிந்திருந்தால் மட்டுமே மென்மையாகச் சுரண்டலாம். துருவுக்கு அடிக்கும் எண்ணெயை அங்கே தெளிப்பதோ மகாபாதகம். ஒரு கரி மட்டும் தேய்ந்து மற்றது நன்றாயிருந்தாலும் இரண்டையும் மாற்ற வேண்டும். ஒன்று நேர்மின், மற்றது எதிர்மின் என்பதால் சமமாகத் தேயாதது இயல்பே. நாம் திருகைக் கழற்றுவதைவிட முடுக்குவதும் துளைப்பதும் அதிகம் என்பதால் மின்னோட்டத்தின் திசையும் பெரும்பாலும் ஒன்றே. புதுக்கரி மாட்டியதும் கான்கிரீட்டுக்கு ஓடாமல், சுமையில்லாமல் சற்று நேரம் சும்மா சுற்றவிட்டால் முனை வளைவுக்கு ஒத்துப் பதியும்.

ஜாலான் துன் சம்பந்தன் பக்கம் குடியிருந்தாலும், ஜாலான் தெங்கு கிளானா பக்கம் குடியிருந்தாலும், அடுத்த முறை "பேட்டரி போச்சு" என்று சொல்லும் முன் மூடியைக் கழற்றிப் பாருங்கள். ஹார்ட்வேர் கடைக்குப் போகும்போது ட்ரில்லைத் தூக்கிச் செல்ல வேண்டாம். தேய்ந்த கரி இரண்டையும் காகிதத்தில் மடித்து, மாடல் எண்ணையும் அதிலேயே எழுதிக் கொண்டு போங்கள். கரியின் அகலத்தையும் தொப்பியின் வடிவத்தையும் வைத்தே கடைக்காரர் எடுத்துத் தருவார்.