துபாய் பக்கம், கொடிநடை தூரம்

திருவனந்தபுரத்திலிருந்து துபாய் ஏறத்தாழ 2,950 கிலோமீட்டர். போய்ச் சேர நான்கு மணி நேரம், சற்று முன்பின். கடல் தாண்டும் இந்தக் கணக்கில் யாருக்கும் சந்தேகமில்லை. விமான நிலையத்துக்குப் போகும் சாலையில் வழிமுக்கிலிருந்து கொடிநடை ஒன்றரை கிலோமீட்டர். நடுவில் பாலராமபுரம் சந்தி. இதற்கு எவ்வளவு நேரம்? அதை மட்டும் கேட்கக் கூடாது.

பாறசாலை, நெய்யாற்றின்கரை, களியக்காவிளை, மார்த்தாண்டம். எங்கிருந்து வளைகுடாவுக்குக் கிளம்பினாலும் பெரும்பாலும் ஏறுவது திருவனந்தபுரத்தில்தான். குமரி மாவட்டத்துக்கு விமான நிலையம் கிடையாது. மூன்று மணி நேரம் முன்னதாக வரச் சொல்கிறது விமான நிறுவனம். சந்திக்கென்று தனியாக ஒரு மணி நேரம் எடுத்து வைக்கிறான் பயணி. தரையில் கிடப்பதும் வானத்தில் பறப்பதும் சமம். சமத்துவம் இங்கேதான் வந்திருக்கிறது.

கரமனையிலிருந்து களியக்காவிளைக்கு நான்கு வழிச்சாலை என்றார்கள். கொடிநடை வரை வந்தது. ஆண்டுக்கணக்கில் அங்கேயே நின்றது. நிலமெடுப்பு, இழப்பீடு, சுரங்கப்பாதை, அதற்கொரு வரைபடம். காகிதங்கள் மட்டும் நெரிசல் இல்லாமல் ஓடின.

பைபாஸ் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, வாடகைக் கார் பிடிக்க வழியுள்ளவனுக்கு. அந்தச் சாலையும் காரோட்டில் எல்லை தாண்டினால் குமரி மாவட்டத்தில் பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது. மெத்தனத்தில் இரு மாநிலங்களுக்கும் எல்லைத் தகராறே இல்லை.

காசு வாங்குவதில் மட்டும் தாமதம் கிடையாது. திருவனந்தபுரம் விமான நிலையத்தை 2021 அக்டோபரில் அதானி குழுமம் ஏற்றது. உள்நாட்டுப் பயணி கொடுத்துவந்த மேம்பாட்டுக் கட்டணம் 506 ரூபாய். 2024 ஜூலையில் 770 ஆனது. ஊர் வந்து இறங்குகிறவனிடமும் வசூல் தொடங்கியது. ஓணம் வந்தால், கிறிஸ்துமஸ் வந்தால், துபாய்க்குத் தூரம் கூடுவதில்லை. டிக்கெட் மட்டும் கூடுகிறது.

விழிஞ்ஞம் துறைமுகத்திலிருந்து இதே பாலராமபுரத்துக்கு 10.7 கிலோமீட்டர் ரயில் பாதைத் திட்டம். அதில் ஒன்பது கிலோமீட்டருக்கு மேல் சுரங்கம். சரக்குப் பெட்டி நெரிசலில் சிக்கக் கூடாது என்று பூமியைக் குடையத் தயாராக இருக்கிறார்கள். மனிதன் சிக்கலாம். அவன் ஏற்றுமதிப் பொருள்தான், ஆனால் தானே நடந்து போய்விடுவான்.

பத்மநாபசுவாமி ஆறாட்டு ஊர்வலம் கடந்து போவதற்காக ஆண்டுக்கு இருமுறை விமான ஓடுபாதையை மூடுகிறார்கள். எந்த நாள், எத்தனை மணிக்கு என்று முன்கூட்டியே அறிவிப்பு வருகிறது. கடவுளே நேரம் சொல்லிவிட்டுத்தான் வழியை மறிக்கிறார். பாலராமபுரம் சந்தி தினமும் அடைபடுகிறது. சொல்ல நாதியில்லை.

அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் மனு கொடுக்காதீர்கள். காலை ஒன்பது மணிக்கு வழிமுக்கில் அரசு பஸ்ஸில் ஏற்றி விடுங்கள். சைரன் கூடாது, போலீஸ் கூடாது. கொடிநடையில் இறங்கிய பிறகு பேசட்டும்.