பேத்தமங்களா நீரும் பெங்களூர் வழுக்கையும்: ஒரு பூர்வாங்க ஆய்வு

தலைமுடி உதிர்வது பற்றி உலகில் இதுவரை வந்த ஆய்வுகளுக்கெல்லாம் ஒரு பெருங்குறை உண்டு: அவற்றில் பேத்தமங்களா இல்லை. இந்த வெற்றிடத்தை நிரப்பவே இக்கட்டுரை எழுதப்படுகிறது. ஆய்வுக் கட்டுரை எதுவானாலும் வெற்றிடத்தை நிரப்பத்தான் எழுதப்படும். வெற்றிடம் அகப்படாவிட்டால் ஆய்வாளரே முதலில் ஒன்றைத் தோண்டிக்கொள்வது துறையின் மரபு.

ஆய்வுக்களத்தின் சிறப்பைச் சொல்லிவிடலாம். நந்தி மலைப் பக்கம் பிறக்கும் பாலாறு தமிழ்நாட்டுக்குள் நுழையும் முன் பேத்தமங்களா ஏரியில் தேங்குகிறது. கோலார் தங்கவயலில் ஜான் டெய்லர் கம்பெனி 1880இல் கால் வைத்தபின் சுரங்கங்கள் பெருகின. வட ஆற்காட்டுப் பக்கமிருந்து தமிழ்க் குடும்பங்கள் திரண்டு வந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த ஏரித் தண்ணீர் குழாய் வழியாக அங்கே போய்ச் சேர்ந்தது. உரிகம், சாம்பியன் ரீஃப், மாரிக்குப்பம் லைன் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகத் தலைகள் இந்த ஒரே நீரில் நனைந்திருக்கின்றன. இப்படியொரு ஆய்வுக்கூடம் ஹார்வர்டுக்குக்கூட வாய்த்ததில்லை.

முதலில் சில்லறை விஷயங்களைத் தீர்த்துவிடுவது நல்லது.

பேன்: முடியை உதிர்ப்பதில்லை, அதைப் பிடிக்கும் அவசரத்தில் பேன்சீப்புதான் உதிர்க்கிறது.

இறுக்கிப் பின்னிய ஜடை: நெற்றியோரம் முடி குறைந்தால் ரிப்பனைக் கேள்வி கேட்க வேண்டும், பல வருஷம் கேட்காமல் விட்டால் போன முடி திரும்பாது.

மொட்டை: திருப்பதியில் அடித்துக்கொண்டால் முடி அடர்த்தியாக வளரும் என்பது நம்பிக்கை. மழிப்பது தோலுக்கு மேலே. முடி தீர்மானமாவது தோலுக்குக் கீழே. புண்ணியம் தனிக் கணக்கு.

பொடுகு சற்று நீளமானது. மலாசீசியா என்ற பூஞ்சை எல்லார் தலையிலும் குடியிருக்கிறது. தோலில் சுரக்கும் எண்ணெய்தான் அதற்குச் சாப்பாடு. பொடுகு வந்ததும் வீட்டில் முதலில் செய்வது, ஒரு கரண்டி தேங்காய் எண்ணெயைக் காய்ச்சித் தலையில் ஊற்றுவது. விருந்தாளிக்கு இதைவிட நல்ல பந்தி கிடையாது. கீட்டோகொனசோல் ஷாம்பூ போட்டு ஐந்து நிமிஷம் ஊறவிட்டு அலசினால் பெரும்பாலும் அடங்கும். போட்டவுடன் அலசுகிறவர்களுக்கு ஷாம்பூச் செலவு மட்டும் மிஞ்சும். எண்ணெய்க்கு நியாயமும் உண்டு. தேங்காய் எண்ணெய் முடிக்குள் ஊடுருவிப் புரத இழப்பைக் குறைக்கிறது என்று 2003இல் மும்பையிலிருந்து ஒரு கட்டுரை வந்தது. அதை எழுதியவர்கள் வேலை பார்த்தது தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் என்பது தற்செயலாக இருக்கலாம்.

புழுவெட்டு என்று ஊரே சொல்லும் வட்ட வழுக்கையில் புழுவும் இல்லை, வெட்டும் இல்லை. உடலின் காவல்படையே ஆள் தெரியாமல் முடிவேரைத் தாக்குகிறது. வெளுத்துப்போன திட்டில் சின்ன வெங்காயத்தை அறுத்துத் தேய்ப்பது தங்கவயல் மருத்துவம். நவீன அறிஞர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கும் முன், 2002இல் பாக்தாத் மருத்துவர்கள் வெங்காயச் சாற்றைச் சிறு அளவில் சோதித்துப் பலன் கண்டதாக எழுதியதைப் படிக்கலாம். சிறு திட்டு பலருக்குத் தானாகவே மூடிக்கொள்ளும் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பிள்ளைகள் தலையில் செதிலோடு முடி ஒடிந்து வட்டமாக வந்தால் அது படர்தாமரை. களிம்பு போதாது, வாரக்கணக்கில் மாத்திரை வேண்டும், வெங்காயம் வேண்டாம்.

இனி மையப் பொருள்: தண்ணீர்.

பேத்தமங்களா பஸ் ஸ்டாண்டு சலூனில் முன்நெற்றி ஏறிய எந்த இளைஞன் உட்கார்ந்தாலும், துண்டு கழுத்தில் விழுவதற்குள் நோய்க்காரணம் கண்டறியப்படுகிறது. “பெங்களூர்ல போர் தண்ணியா தம்பி? அதான்.” வீட்டுக்குப் போனால் அத்தை உறுதி செய்கிறார்: “அந்தத் தண்ணி உனக்கு ஆவலடா கண்ணு.” (காண்க: அத்தை, குழாயடி உரைகள், தொகுதி இரண்டு.) பெங்களூரில் வளர்ந்து தங்கவயலுக்குக் கல்யாணமாகி வந்த பெண்ணுக்கு முடி கொட்டினால் குற்றவாளி தங்கவயல் தண்ணீர். போர் தண்ணீரிலிருந்து காவிரித் தண்ணீருக்கு மாறியவன் காவிரியைத் திட்டுகிறான். (ஒப்பிடுக: மாரிக்குப்பம் ரயில், மூன்றாவது பெட்டி, ஜன்னலோர இருக்கைக்காரர், வாய்மொழி, பங்காருப்பேட்டையில் இறங்கிவிட்டதால் வாதம் முற்றுப்பெறவில்லை.) இவற்றையெல்லாம் தொகுத்துப் பார்த்ததில் ஒரு பொதுவிதி கிடைத்தது: பிறந்த ஊர்த் தண்ணீர் எப்போதும் நிரபராதி. இவ்விதிக்கு மாறாக ஒரு வழுக்கையும் இதுவரை சாட்சி சொன்னதில்லை. (மறுப்புக்குக் காண்க: சின்ன மாமா, ‘அத்தையின் நீரியல் கொள்கை: ஒரு கண்டனம்’, வளைகாப்பு விருந்தில் நிகழ்த்திய உரை, இரண்டாம் பந்தி, ரசத்துக்கும் மோருக்கும் இடையில், அதற்கு அத்தையின் பதில், அதே விருந்து, கை கழுவும் இடம், இரண்டையும் தொகுத்தவர் பந்தி விசாரித்தவர், திருத்திய பதிப்பு, கிரகப்பிரவேசம், மூன்றாம் பதிப்பில் அத்தை சின்ன மாமாவோடு பேசுவதை நிறுத்திவிட்டதால் முன்னுரை இல்லை.)

இத்தனைக்கும் கோவை பி.எஸ்.ஜி. மருத்துவமனை மருத்துவர்கள் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். முடியைக் கடின நீரில் ஊறவைத்து, காய்ச்சி வடித்த நீரில் ஊறிய முடியோடு ஒப்பிட்டு, இழுத்து, அறுத்துப் பார்த்தார்கள். பலத்திலும் நெகிழ்விலும் சொல்லும்படி வித்தியாசமில்லை என்று 2013இல் எழுதினார்கள். உப்புத் தண்ணீர் சோப்போடு சேர்ந்து முடியில் படியும், சிக்கு விழும், முடி ஒடியும், அது உண்மை. ஆனால் தண்ணீர் தொடுவது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் உயிரற்ற தண்டை. வேர் தோலுக்குள் சில மில்லிமீட்டர் ஆழத்தில் பத்திரமாக இருக்கிறது. அத்தை இந்த ஆய்வை இன்னும் ஏற்கவில்லை. கோவைத் தண்ணீர் வேறு என்கிறார்.

சீப்பில் வந்த முடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஒரு நுனியில் சிறு வெள்ளைக் குமிழ் தெரியும். “வேரோட வந்துடுச்சு” என்ற அலறல் இங்கேதான் கிளம்புகிறது. அது வேர் அல்ல. ஓய்வுக்காலம் முடிந்து, பதவி ஓய்வு பெற்ற முடியின் அடிமுனை. வேர்ப்பை உள்ளேயே இருந்து அடுத்த முடியைத் தயார் செய்கிறது. தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடி. நாளொன்றுக்கு ஐம்பது முதல் நூறு வரை விழுவது இயல்பு. குமிழே இல்லாமல் துண்டுதுண்டாக விழுந்தால் அது உதிர்வல்ல, ஒடிவு.

அப்படியானால் ஊர் மாறியதும் ஏன் கொட்டுகிறது? தங்கச் சுரங்கம் 2001 பிப்ரவரி 28இல் மூடியபின் வேலைக்குப் போகிறவர்கள் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூர் போகிறார்கள். பலர் அங்கேயே அறை எடுக்கிறார்கள். சீசன் டிக்கெட் எடுக்கும் வயது இருபது, இருபத்திரண்டு. பரம்பரை வழுக்கை தொடங்கும் வயதும் அதுதான். தண்ணீர் மாறிய வருஷமும் நெற்றி ஏறிய வருஷமும் ஒன்றாகிவிடுகின்றன. இன்னொரு கூட்டத்துக்கு டைபாயிடோ டெங்குவோ கண்டு தேறி, இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாகக் கொட்டும். பிரசவமான பெண்களுக்கும் அப்படியே. காய்ச்சல் அதற்குள் மறந்துபோயிருக்கும், தண்ணீர் கண்ணெதிரே இருக்கும். இந்த உதிர்வு பெரும்பாலும் தானாக நின்று முடி திரும்பும். நிற்காவிட்டால் இரும்புச்சத்தையும் தைராய்டையும் பரிசோதிப்பார்கள். தோல் மருத்துவர் ஐம்பது அறுபது முடியை விரல்களுக்கிடையே பிடித்து மெல்ல இழுத்துப் பார்ப்பார். ஐந்தாறுக்கு மேல் கையோடு வந்தால்தான் கவலை. இந்தச் சோதனைக்குத் தண்ணீர் தேவைப்படுவதில்லை.

தாத்தா காலத்தில் வழுக்கையே கிடையாது என்பது எதிர்க்கட்சியின் வலுவான வாதம். லைன் வீட்டுச் சுவர்களில் மாட்டியிருக்கும் கல்யாணப் போட்டோக்கள் சான்றாகக் காட்டப்படுகின்றன. தாத்தாக்கள் அவற்றில் தலைப்பாகையோடு நிற்கிறார்கள். தமிழ் வரலாற்றில் ஆதாரத்தை மறைத்தவர்கள் பட்டியலில் முண்டாசை ஏன் இதுவரை எவரும் சேர்க்கவில்லை என்பது தனி முனைவர் பட்டத்துக்குரிய கேள்வி.

பரம்பரை வழுக்கைக்கு உண்மைக் காரணம் வேறு. அமெரிக்க உடற்கூற்றியலாளர் ஜேம்ஸ் ஹாமில்டன் 1942இல், பருவம் எய்துமுன் விதை நீக்கப்பட்டவர்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்று காட்டினார். இந்தச் சிகிச்சைமுறைக்குப் பேத்தமங்களாவில் யாரும் முன்வரவில்லை. ஆண் ஹார்மோனின் ஒரு வடிவம் வேர்ப்பைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்குகிறது. எந்தத் தலையில் சுருங்கும் என்பதை அப்பா வழி, அம்மா வழி இரண்டுமே தீர்மானிக்கின்றன. ஆகவே பழியைப் பெண் வீட்டார் மேல் மட்டும் போட முடியாது. ஹாமில்டன் வகுத்த படிநிலைகளை மருத்துவர் நார்வுட் 1975இல் ஏழு வகையாகத் திருத்தினார். பெண் பார்க்கப் போகும் அன்று மட்டும் ஏழாம் வகை நான்காகத் தெரிவதை அவர் கவனிக்கவில்லை. மருந்துகளில் மினாக்சிடில் ரத்த அழுத்தத்துக்கு வந்த மாத்திரை. சாப்பிட்டவர்களுக்குக் கண்ட இடத்தில் முடி முளைத்ததால் 1988இல் அமெரிக்காவில் தலைக்கு அனுமதி பெற்றது. முதல் சில வாரம் முடி இன்னும் கொட்டும். அங்கேயே பாதிப் பேர் பாட்டிலைத் தூக்கி எறிந்துவிட்டுக் கரிசலாங்கண்ணிக்குத் திரும்புகிறார்கள். ஆண்களுக்கான ஃபினாஸ்டரைடு 1997இல் வந்தது. அதை மருத்துவர் எழுதிக் கொடுத்துத்தான் சாப்பிட வேண்டும். இரண்டுமே நிறுத்தினால் சம்பாதித்தது போய்விடும்.

தங்கவயலின் சுரங்கக் கழிவான சைனைடு மேடுகளிலிருந்து பறக்கும் தூசிதான் காரணம் என்றொரு கட்சியும் உண்டு. அந்த ஊரின் தூசிக்குத் தலைமுடியில் அக்கறை இருந்ததில்லை. 1940 முதல் 1946 வரை பரிசோதித்த 7653 சுரங்கத் தொழிலாளரில் 3402 பேருக்கு நுரையீரலில் சிலிக்கா படிந்த நோய் இருந்தது. அதைப் பற்றிக் கருத்தரங்கு நடத்திப் பொன்னாடை போர்த்திக்கொண்ட பேராசிரியர்கள் குறைவு. ‘கோலார் வட்டாரக் கல்வெட்டுகளில் மயிர்ப் பராமரிப்பு’ என்றால் பயணப்படி கிடைக்கும்.

நீர்க் கொள்கைக்கு 2018இல் புதிய சிக்கல் ஒன்று சேர்ந்தது. பெங்களூரின் கோரமங்களா, சல்லகட்டா பள்ளத்தாக்குக் கழிவுநீரைச் சுத்திகரித்துக் குழாயில் கொண்டுவந்து கோலார் மாவட்டத்து ஏரிகளை நிரப்பத் தொடங்கினார்கள். தங்கவயல் பையன் பெங்களூர் அறையில் தலை குளித்த தண்ணீர் இப்போது அவன் மாவட்டத்துக்கே வந்துகொண்டிருக்கிறது. இனி அது எந்த ஊர்த் தண்ணீர், நிரபராதியா குற்றவாளியா என்று அத்தையிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்கப்பட்டுள்ளது. சின்ன மாமா வழியாக அனுப்பியதால் பதில் தாமதமாகிறது.