மாமாவின் பி.பி.

"இன்னிக்குப் புது பி.பி.! 41!!" என்று மாயவரத்தில் இருக்கும் அக்காவுக்கு மாமா வாட்ஸ்அப்பில் தமிழில் தட்டிவிட்டார். அடுத்த நிமிஷம் போன் அலறியது.

"நாப்பத்தொண்ணாடா? மேல இருக்கறதா, கீழ இருக்கறதா? தலை சுத்தறதா? மோர்ல ரெண்டு சிட்டிகை உப்பு கூடப் போட்டுக் குடி. ஆம்புலன்சுக்குச் சொல்லியாச்சா?"

"அக்கா, இது ரத்தக் கொதிப்பு இல்லை. பர்சனல் பெஸ்ட். அஞ்சு கிலோமீட்டரை நாப்பத்தொரு நிமிஷத்துல ஓடியிருக்கேன்!"

"யார் துரத்தினா?"

ஆங்கிலத்தில் முன்பின்னாக மாறி நின்று வேறு வேறு அர்த்தம் தருகிற அந்த இரண்டு எழுத்துகளும் தமிழுக்கு வந்தால் ஒரே பி.பி.தான். மாமா விஷயத்தில் இதை வெறும் எழுத்துக் கோளாறு என்று தள்ளிவிட முடியாது. ஒன்றைக் குறைக்கத்தான் அவர் இன்னொன்றைக் குறைக்கப் புறப்பட்டார்.

தில்லி ஆர்.கே.புரத்தில் இப்போது பிளாக்குக்கு ஒரு மாரத்தான் மாமா இருக்கிறார். சிலர் மலையாளச் சேட்டன், சிலர் பஞ்சாபி அங்கிள், ரகம் ஒன்றுதான். ஐம்பதைத் தாண்டிய வயது, ரிட்டயர்மென்டுக்கு இரண்டு மூன்று வருஷம், சர்க்கரை கொஞ்சம், தொப்பை நிறைய, வெளிநாட்டில் ஒரு பெண்ணோ பிள்ளையோ. எங்கள் பிளாக் மாமா மத்திய அரசில் அண்டர் செக்ரட்டரி, வயது 57. அவர் இரண்டாம் மாடி, நான் நேர் கீழே. ஆகவே அவருடைய பயிற்சியின் முதல் கட்டத்தை, அதாவது புது ஷூவைப் போட்டுக்கொண்டு ஹாலிலேயே நின்ற இடத்தில் ஓடிப் பார்த்ததை, என் வீட்டு மின்விசிறி நன்றாக அறியும்.

இந்தக் காலனிக்கு ஓட்டம் புதிதல்ல. எண்பதுகளில் காலை எட்டரைக்கு டிபன் பாக்ஸும் கையுமாகச் சார்ட்டர்ட் பஸ்ஸைத் துரத்தி ஓடியவர்கள் இங்கே ஒவ்வொரு செக்டரிலும் இருந்தார்கள். தயிர்சாதம் சிந்தக் கூடாது, செருப்பு கழலக் கூடாது. இன்றைய ஓட்டக்காரர்களுக்கு இந்த நிபந்தனைகள் கிடையாது. அன்று பஸ்ஸைத் துரத்தியவர்கள் கழுத்தில் யாரும் பதக்கம் மாட்டவில்லை. வருகைப் பதிவேட்டில் பெயருக்கு நேரே சிவப்பு மை விழாவிட்டால் அதுவே பரிசு.

மாமாவின் ஓட்டத்துக்குக் காரணம் நியூஜெர்சியில் இருக்கும் பெண். அப்பாவின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் படித்த கையோடு, 2024 அக்டோபர் 20-ல் நடக்கவிருந்த தில்லி ஹாஃப் மாரத்தானில் 10 கிலோமீட்டர் பிரிவுக்குப் பணம் கட்டிப் பெயரைப் பதிந்துவிட்டாள். பிறந்தநாள் பரிசாம். 2005-லிருந்து நடக்கிற போட்டி. முழு தூரம் 21 கிலோமீட்டரும் சொச்சமும். "உனக்கு அதுல பாதிகூட இல்லைப்பா" என்றாள். மாமா அதை அரை நாள் லீவு மாதிரி எடுத்துக்கொண்டார்.

கூடவே ஒரு பயிற்சித் திட்டமும் அனுப்பினாள். சோபாவில் கிடப்பவரை எழுப்பி 5 கிலோமீட்டர் ஓட வைப்பதற்காக ஜாஷ் கிளார்க் என்ற அமெரிக்கர் 1996-ல் வகுத்தது. 9 வாரம், வாரத்துக்கு 3 நாள். முதல் வாரத்தில் 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை, மறுபடி 60 விநாடி ஓட்டம் என்று போகும். வேறு யாராக இருந்தாலும் இதைப் படித்துவிட்டு ஓடப் போயிருப்பார்கள். மாமா ஃபைல் திறந்தார். நிஜமான ஃபைல். அட்டை, பச்சை டேக், ஒரு பக்கம் நோட்டிங், மறுபக்கம் கடிதங்கள். ஆபீஸில் எல்லாம் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டதில், டேக் கட்டாமல் கை நமநமத்துக்கொண்டிருந்தது போலும்.

"மேற்படித் திட்டம் பரிசீலிக்கப்பட்டது. ஷூ இல்லை. வாங்கலாம். ஒப்புதலுக்குச் சமர்ப்பிக்கப்படுகிறது" என்று எழுதி மாமியிடம் நீட்டினார். மாமி ஓரத்தில் "விலை?" என்று ஒரே ஒரு வார்த்தை எழுதித் திருப்பிவிட்டாள். இப்படி சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவே ஃபைல் மூன்று தடவை போய் வந்ததில் ஜூன் மாதம் முக்கால்வாசி கரைந்தது. கடைசியில் சரோஜினி நகர் மார்க்கெட்டில் ஒரு மணி நேரம் பேரம் பேசிவிட்டு, பேரமே பேச முடியாத கடையில் போய் 6,000 ரூபாய்க்கு வாங்கி வந்தார்.

பஞ்சாங்கம் பார்த்துக் குறித்த நாள் ஜூன் 28, வெள்ளிக்கிழமை. அன்று காலை எட்டரையோடு முடிந்த 24 மணி நேரத்தில் சஃப்தர்ஜங்கில் 228.1 மில்லிமீட்டர் மழை. 1936-க்குப் பிறகு தில்லியின் ஜூன் மாதம் அப்படி ஒரு மழையைப் பார்க்கவில்லை. புது ஷூவோடு பால்கனியில் நின்று, தெருவில் ஸ்கூட்டர்கள் முழங்கால் தண்ணீரில் நிற்பதை மாமா பார்த்தார். உள்ளே போய், "ஒரு வாரம் எக்ஸ்டென்ஷன்" என்று நோட்டிங் எழுதினார். அவர் முகத்தில் வருத்தம் இருந்ததாக நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

ஜூலையில் ஒருவழியாகக் கால் தரையைத் தொட்டது. புறப்படும் இடம் செக்டர் 7, மலை மந்திர். 1973-ல் கும்பாபிஷேகம் கண்ட சுவாமிநாத சுவாமி கோயில். 'யாமிருக்க பயமேன்' என்று முருகன் சார்பில் உத்தரவாதமே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் ஓட்டப் பந்தயத்தில் முருகனின் உத்தரவாதம் செல்லுமா என்று மாமிக்குச் சந்தேகம்.

"உலகத்தையே சுத்தி வந்தவர் மாம்பழம் கிடைக்காம மலையேறினார். இருந்த இடத்துல சுத்தினவருக்குத்தான் பழம்."

"அதுக்கப்புறம் பிள்ளையாருக்கு யாராவது சுகர் டெஸ்ட் எடுத்தாளா?" என்று மாமா திருப்பிக் கேட்டார்.

கையில் கடிகாரம் ஒன்று. தூரம், வேகம், இதயத் துடிப்பு, ராத்திரி எத்தனை தடவை புரண்டு படுத்தார் என்பது வரை சொல்லும். அதை அவர் வேதவாக்காக நம்பினார். அந்த வருஷம் மே 29-ம் தேதி முங்கேஷ்பூரில் 52.9 டிகிரி என்று காட்டி நாட்டையே பதற வைத்த கருவி, 3 டிகிரி கூட்டிச் சொன்னதாகப் பின்னால் தெரியவந்ததே, இந்தக் கடிகாரமும் அந்த வம்சம்தான் என்பது என் கட்சி. ஒருநாள் மாமா சோபாவில் உட்கார்ந்து கிரிக்கெட் பார்க்கையில் "பிரமாதமான பயிற்சி" என்று பாராட்டியது. கடைசி ஓவராம்.

மலை மந்திரிலிருந்து செக்டர் 5 தமிழ்ச் சங்கம் போய்த் திரும்புவதுதான் தினப்படிப் பாதை. அதில் பல இடைஞ்சல்கள். பின்னாலேயே மெதுவாக வந்த ஆட்டோக்காரர் ஒருவர், "பாவுஜி, பஸ் சூட் கயீ க்யா? பைட்டியே" என்றார். பஸ்ஸை விட்டுவிட்ட பெரியவர் என்று நினைத்துவிட்டார். ஐம்பத்தேழு வயதுக்காரர் காலை ஐந்தே முக்காலுக்கு ஓடினால் அதற்கு இந்த ஊரில் வேறு காரணம் இருக்க முடியாது. இன்னொரு நாள் வழி மாறிச் செக்டர் 5-ன் பின்பக்கம் போனவர், லோதி காலத்துக் கல்லறைகளையும் ஒரு படிக்கிணற்றையும் கண்டுபிடித்துவிட்டு வந்தார். வசீர்பூர் கா கும்பட் என்று பெயர். ஐந்நூறு வருஷமாக அங்கேயேதான் இருக்கிறது. மாமாவும் 22 வருஷமாக இந்தக் காலனியில்தான் இருக்கிறார். இருவருக்கும் அறிமுகம் ஆனது 2024 ஆகஸ்டில்.

அந்தத் திட்டத்தின் ஐந்தாம் வாரம் மூன்றாம் நாளில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. அதுவரை ஓட்டமும் நடையுமாகச் சலுகை கொடுத்துவிட்டு, திடீரென்று 20 நிமிஷம் நிற்காமல் ஓடு என்கிறது. மாமா நடுங்கிப்போனார். "மேற்படி 20 நிமிஷத்தை இரண்டு பத்தாகப் பிரித்து அனுமதிக்க விதிகளில் இடமுண்டா?" என்று நியூஜெர்சிக்கு எழுதினார். "இல்லை" என்று வந்தது. ஆபீஸாக இருந்தால் இந்த மாதிரி இக்கட்டுக்கு ஒரு லிங்க் ஆபீசர் இருப்பார். நாம் லீவில் போனால் அவர் கையெழுத்துப் போடுவார். செக்ஷனில் ஒரு பையனைக் கூப்பிட்டு "புட் அப் பண்ணுப்பா" என்றால் மத்தியானத்துக்குள் மேஜைக்கு வந்துவிடும். ஓட்டத்தில் லிங்க் ஆபீசர் கிடையாது.

அந்த மூன்றாம் நாள் காலை நான் பால் வாங்க மதர் டெய்ரி பூத்துக்குக் கிளம்பினேன். மாமா கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கடிகாரத்தைக் காட்டவில்லை, பேஸ் என்ன, பல்ஸ் என்ன என்று ஆரம்பிக்கவில்லை. எனக்கே பயமாகிவிட்டது.

"என்ன மாமா?"

"ஓடிட்டேன்."

கொஞ்ச நேரம் எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "32 வருஷ சர்வீஸ். யாரும் டிராஃப்ட் போடாம, யார் கையெழுத்தும் வாங்காம, நானே செஞ்சு நானே முடிச்ச வேலை இது ஒண்ணுதான்யா."

அவரைக் கிண்டல் செய்ய நான் ஏழெட்டு வாசகங்கள் சேர்த்து வைத்திருந்தேன். அன்றைக்கு ஒன்றையும் எடுக்கவில்லை. பாலை வாங்கிக்கொண்டு, வழக்கத்துக்கு மாறாகக் கொஞ்சம் வேகமாக நடந்து வந்தேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

பலன்கள்? மாமா சொல்லும் பலன்களைக் கேட்டால் நுரையீரல் கொள்ளளவு, கொழுப்பு சதவீதம் என்று போவார். எனக்குத் தெரிந்தவை வேறு. பெல்ட்டில் ஆணி வைத்துப் புதிதாக இரண்டு ஓட்டை போட்டார். மலை மந்திர் படிகளில் நடுவே நின்று 'கோபுர தரிசனம்' செய்கிற வழக்கம் நின்றுபோனது. மூச்சு வாங்கத்தான் அத்தனை நாளும் அந்தப் பக்தி. மூன்று மாதச் சர்க்கரை அளவு 7.6-லிருந்து 6.8-க்கு வந்தது. 150 இருந்த ரத்தக் கொதிப்பு 136 ஆனது. டிஸ்பென்சரி டாக்டர் மாத்திரையை மட்டும் நிறுத்தவில்லை. எல்லாரையும்விட லாபம் மாமிக்குத்தான். ராத்திரி ஒன்பதரைக்கு மாமா தூங்கிவிடுவதால், கல்யாணமாகி 29 வருஷம் கழித்து டி.வி. ரிமோட் அவள் கைக்கு வந்தது.

போட்டி வாரம் காலனிக்கே விசேஷமான வாரம். அக்டோபர் 15-ல் காற்று மாசுக் கட்டுப்பாட்டின் முதல் கட்டம் அமலுக்கு வந்தது. மறுநாள் மத்திய அமைச்சரவை அகவிலைப்படியை 50 சதவீதத்திலிருந்து 53 ஆக்கியது. "பார்த்தேளா, ஓடாமலே 3 சதவீதம் ஏறிடுத்து" என்றேன். மாமா ரசிக்கவில்லை. போதாக்குறைக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை கர்வா சௌத். எதிர்வீட்டுப் பஞ்சாபி அம்மாள் விடியுமுன் எழுந்து சாப்பிட்டுவிட்டு, புருஷன் ஆயுசுக்காகப் பச்சைத் தண்ணீர் பல்லில் படாத விரதம் ஆரம்பித்த அதே வேளையில், மாமா வாழைப்பழம் தின்றுவிட்டு ஜவஹர்லால் நேரு ஸ்டேடியத்துக்குக் கிளம்பினார். "அவாத்துல பொண்டாட்டி பட்டினி கிடக்கா. எங்காத்துக்காரர் தன் ஆயுசுக்குத் தானே ஓடிக்கறார்" என்று மாமி கதவைச் சாத்திக்கொண்டு மறுபடி தூங்கப் போனாள்.

ஏழாவது கிலோமீட்டரில் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு பாட்டி முந்தினாராம். எட்டாவதில் ஜான்சி ராணி வேஷத்தில் ஒருவர், அட்டைக் குதிரையோடு. ஆனால் கடைசி இருநூறு மீட்டரில் மாமாவுக்கு என்னவோ ஆகியிருக்கிறது. சின்ன வயசில் தன் அப்பா துரத்திய எட்டரை மணி சார்ட்டர்ட் பஸ் எதிரே நகர்வது போலத் தோன்றியதாம். விட்டேனா பார் என்று ஓடிப் பிடித்திருக்கிறார். 1 மணி 27 நிமிஷம்.

அதே காலையில் முழு தூரத்தையும் 59 நிமிஷம் 46 விநாடியில் ஓடி வென்றவர் உகாண்டாவின் ஜோஷுவா செப்டெகெய். பாரிஸ் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் தங்கம் வாங்கி அப்போது மூன்று மாதம்கூட ஆகவில்லை. "அவனைவிட 27 நிமிஷம் கூடவே ரோட்டில தாக்குப்பிடிச்சிருக்கேன்" என்கிறார் மாமா. கணக்கில் தப்பில்லை.

அன்று சாயங்காலம் மொட்டை மாடியில் சல்லடையும் விளக்குமாகப் பெண்கள் நிலாவுக்குக் காத்திருந்தபோது, மாமா ஒரு மூலையில் பதக்கத்தோடு சுவரில் காலைத் தூக்கி வைத்துப் படுத்திருந்தார். திங்கட்கிழமை இரண்டு மாடியையும் பின்பக்கமாகத் திரும்பி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, படிப்படியாக இறங்கினார். ஆபீஸில் பர்ஃபி வாங்கிக் கொடுத்தார். ஃபைலில் "நடவடிக்கை முடிந்தது" என்று எழுதவில்லை. அடுத்த வருஷத்துக்கான பதிவு எப்போது திறக்கும் என்று குறித்து வைத்திருக்கிறார்.

மாயவரத்துக்கு இந்தத் தடவை மாமா உஷாராக, பி.பி. என்ற பேச்சே எடுக்காமல் நீட்டி எழுதினார்: "அக்கா, பத்து கிலோமீட்டர் ஓட்டப் பந்தயத்தை நல்லபடியாக முடித்தேன். பதக்கம் கொடுத்தார்கள். போட்டோ இணைத்திருக்கிறேன்."

அக்கா இரண்டே கேள்வி கேட்டிருந்தாள்: "மொத்தம் எத்தனை பேர் ஓடினா? நீ எத்தனாவது?"

பதில் இன்னும் போகவில்லை.