கேரண்டியா, வாரண்டியா?

கேரண்டிக்கும் வாரண்டிக்கும் என்ன வித்தியாசம் என்று தெரியாத ஆள் நம் ஊரில் கிடையாது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரைக் கேட்டாலும் டீ ஆறுவதற்குள் சொல்லிவிடுவார்: "கேரண்டின்னா புதுசா மாத்திக் கொடுப்பான் சார். வாரண்டின்னா ரிப்பேர் பண்ணிக் கொடுப்பான்." கட்சியிலும் சினிமாவிலும் கிரிக்கெட்டிலும் பிளவுபட்டுக் கிடக்கும் மாநிலம், இந்த ஒரு விளக்கத்தில் மட்டும் ஒன்றுபட்டு நிற்கிறது. எங்கள் சித்தப்பா ஒருபடி மேலே போய், "கேரண்டி கடைக்காரன் குடுக்கிறது, வாரண்டி கம்பெனிக்காரன் குடுக்கிறது" என்று உட்பிரிவும் சேர்ப்பார். கடைக்காரரோ எதைக் கேட்டாலும் "ரெண்டும் ஒண்ணுதான் சார், பில்லைப் பத்திரமா வெச்சுக்கங்க" என்பார்.

கடைக்காரர் சொல்வதுதான் சரி. குறைந்தபட்சம் பிறப்பைப் பொறுத்தவரை.

பழைய ஜெர்மானியக் கூட்டத்தாரில் ஃபிராங்குகள் என்று ஒரு பிரிவினர். காப்பது, பொறுப்பேற்பது என்ற பொருளில் 'வ'வில் தொடங்கும் சொல் ஒன்று அவர்களிடம் இருந்தது. இன்றைய பிரான்ஸ் இருக்கும் நிலத்தை அவர்கள் பிடித்து ஆண்டபோது, அங்கே லத்தீனைச் சிதைத்துப் பேசிக்கொண்டிருந்த வாய்களில் அந்த 'வ' நுழையவில்லை. முன்னால் ஒரு ககரத்தை முட்டுக்கொடுத்து 'க்வா' என்றார்கள். பிறகு சோம்பல் முற்றி 'கா' என்றார்கள். நம் பால் கர்நாடக எல்லை தாண்டியதும் ஹாலு ஆகிவிடுவதைப் போலத்தான். ஆனால் வடக்கே நார்மண்டிக்காரர்கள் 'வ'வை விடவில்லை. 1066-இல் அவர்கள் இங்கிலாந்தைப் பிடித்தபோது வாரண்டியும் கூடவே கப்பலேறிப் போய்விட்டது. அந்தப் படையெடுப்புக்குத் தலைமை தாங்கியவர் பெயரிலேயே இந்தத் தகராறு இருக்கிறது. ஆங்கிலத்தில் அவர் வில்லியம், பிரெஞ்சில் கியோம். இன்றைக்கென்றால் இங்கிலாந்தைப் பிடிப்பதற்கு முன்னால், 'வில்லியமும் கியோமும் ஒருவரே' என்று நோட்டரியிடம் அஃபிடவிட் வாங்கி வரச் சொல்லியிருப்பார்கள்.

கேரண்டி இங்கிலாந்துக்குச் சாவகாசமாகத்தான் வந்தது. ஐரோப்பாவைச் சுற்றிவிட்டு 17-ஆம் நூற்றாண்டில் போய்ச் சேர்ந்தபோது, உள்ளே ஏற்கெனவே அண்ணன் குடியிருப்பது யாருக்கும் தோன்றவில்லை. புது ஆள் என்று நினைத்துத் தனி இடம் கொடுத்துவிட்டார்கள்.

இப்படி இரண்டு முறை வந்த சொற்கள் ஆங்கிலத்தில் இன்னும் இருக்கின்றன. எனக்கு மிகவும் பிடித்த ஜோடி காலேஜ் ஹாஸ்டல் விண்ணப்பத்தில் இருக்கும். இடது மூலையில் 'வார்டன் கையொப்பம்', வலது மூலையில் 'கார்டியன் கையொப்பம்'. இரண்டும் ஒரே சொல். வார்டனை ஏமாற்றக் கார்டியனின் கையெழுத்தையும் கார்டியனை ஏமாற்ற வார்டனின் கையெழுத்தையும் போட்டுப் பழகிய மாணவர்கள், தங்களை அறியாமல் மொழியியல் ஆய்வு செய்திருக்கிறார்கள்.

என் அம்மாவுக்கு வாரண்டி என்றாலே போலீஸ் ஞாபகம்தான். "கிரைண்டருக்கு எதுக்குடா வாரண்டு?" என்பாள். அதுவும் தப்பில்லை. வாரண்டும் அதே வயிற்றுப் பிள்ளை. 'இந்தக் காரியத்தை நீ செய், பொறுப்பு என்னுடையது' என்று மேலிடம் எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. நம் ஜாமீன் என்ற சொல்லோ அரபியிலிருந்து உருது வழியாக வந்தது. அங்கே அதற்குப் பிணை நிற்பவர் என்று பொருள். ஆகவே நாளிதழ்களில் அடிக்கடி வரும் 'ஜாமீனில் வெளிவர முடியாத பிடிவாரண்டு' என்பதை வேர் பார்த்துப் படித்தால், 'கேரண்டியில் வெளிவர முடியாத வாரண்டி' என்று வருகிறது. மிக்ஸி வாங்கிய எல்லோருக்கும் தெரிந்த நிலைமைதான்.

எங்கள் மிக்ஸிக்கு 2 வருட வாரண்டி, மோட்டாருக்கு மட்டும் 5 வருடம். அட்டையின் முன்பக்கத்தில் '5' என்ற எண் கட்டைவிரல் அளவுக்கு இருக்கும். பின்பக்கத்தில் கடுகு எழுத்தில், எதற்கெல்லாம் வாரண்டி கிடையாது என்ற பட்டியல்: ஜார், மூடி, பிளேடு, வாஷர், கப்ளர். தோசைக்கு அரைத்துக்கொண்டிருந்தபோது போனது கப்ளர். ஜாரின் அடியில் நட்சத்திரம் போல இருக்கும் கறுப்புத் துண்டு. அது தேய்ந்தால் மோட்டார் பாட்டுக்கு ஓடும், அரிசி பாட்டுக்கு உட்கார்ந்திருக்கும். சர்வீஸ் சென்டர் பையன் அட்டையைப் பார்த்து, "மோட்டார் சூப்பரா இருக்கு சார்" என்று பாராட்டினான். பில்லையும் கேட்டான். கொடுத்தேன். கடைகளில் இப்போது தருவது சூடுபட்டு எழுத்து விழும் காகிதம். அதில் எழுத்து வந்த வேகத்தில் போயும்விடும். பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் பத்திரமாக வைத்த பில், வெள்ளைவெளேரென்று திருநீறு மடித்த தாள் மாதிரி இருந்தது.

கோபத்தில் சட்டப் புத்தகத்தைப் புரட்டினேன். டீக்கடை விளக்கம் பாதி தேறியது. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, வாரண்டியை மீறினால் நஷ்டஈடு கேட்கலாம். அதற்காகப் பொருளைத் திருப்பிக் கொடுக்க முடியாது. திருப்பிக் கொடுக்கும் உரிமை வேண்டுமென்றால் மீறப்பட்டது 'கண்டிஷன்' ஆக இருக்க வேண்டும். விளம்பரத்தில் நட்சத்திரக் குறி போட்டு 'கண்டிஷன்ஸ் அப்ளை' என்று பயமுறுத்துகிறார்களே, சட்டத்தில் வாங்குபவனுக்குத் துணை நிற்பது அந்தப் பெயர்தான்.

கேரண்டியின் கதையோ வேறு. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தில் அதற்கு மூன்று பேர் வேண்டும்: கடன் கொடுத்தவர், வாங்கியவர், வாங்கியவர் கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன் என்று கையெழுத்துப் போடுபவர். அந்த மூன்றாமவருக்கும் வாங்கியவர் அளவுக்கே பொறுப்பு. மிக்ஸிக்கும் எனக்கும் நடுவில் அப்படி ஒரு நல்லவர் யாருமில்லை.

சித்தப்பா அப்படி ஒரு நல்லவர். உட்பிரிவெல்லாம் தெரிந்த அதே சித்தப்பா, மச்சினன் லோடு வண்டி வாங்கியபோது, "நான் கேரண்டி" என்று வங்கியில் கையெழுத்துப் போட்டார். வண்டி ஓடியது, தவணை நின்றது. கோர்ட்டில் தீர்ப்பாகி, ஒரு நாள் வேறொரு வங்கியிலிருந்து போன்: "உங்க எஃப்.டி. மேல கார்னிஷி ஆர்டர் வந்திருக்கு சார். இனிமே நீங்க எடுக்க முடியாது."

டிவி சமையல் நிகழ்ச்சியை ஒன்றுவிடாமல் பார்க்கும் சித்தி கேட்டாள்: "கார்னிஷ்னா கடைசியில கொத்தமல்லி தூவுறதுதானே?"

நான் உற்சாகமாகிவிட்டேன். கார்னிஷும் வார்னிங்கும் ஒரு வேரில் பிறந்தவை, இதிலும் அதே 'வ' 'க' கதைதான், பழைய பிரெஞ்சில் ஆயத்தப்படுத்து, எச்சரி, அலங்கரி எல்லாவற்றுக்கும் ஒரே சொல், அதில் எச்சரிக்கையைக் கோர்ட் எடுத்துக்கொண்டது, அலங்காரத்தைச் சமையலறை எடுத்துக்கொண்டது என்று மூச்சுவிடாமல் சொன்னேன். சித்தப்பா ஈசிசேரில் கண்ணை மூடிக்கொண்டு, "இந்த வார்னிங்கைக் கையெழுத்துப் போடுற அன்னைக்கு யாராவது சொல்லியிருக்கலாம்" என்றார்.

மச்சினன் என்றால் சித்தியின் சொந்தத் தம்பி. சித்தி சட்டென்று எழுந்து கூடையைப் பார்த்தாள். "பேச்சுல மறந்தே போச்சு, ரசத்துக்குத் தழை இல்லடா. ஓடிப்போய் ஒரு கட்டு வாங்கிட்டு வா."